ஏறும்போது பஸ், இறங்கும்போது ரயில்: கார் இல்லாமல் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு

என் வீடு குன்னூரில். ஏப்ரல் பிறந்துவிட்டால் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "ஊட்டிக்கு வரலாம்னு இருக்கோம். கார்லயே வந்துடவா, இல்ல கோயம்புத்தூர்ல டாக்ஸி பிடிச்சுக்கவா?" இரண்டும் வேண்டாம் என்பதுதான் பல வருடங்களாக நான் சொல்லிவரும் பதில். பஸ்ஸும் ரயிலும் போதும். பூங்காவை நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம், பணமும் மிச்சம், மனக்கசப்பும் இருக்காது. போனில் ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை, முதல்முறை வருபவர்களுக்குப் பயன்படும்படி இங்கே முழுதாக எழுதுகிறேன்.

கார் ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு சம்பவம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதச் சனிக்கிழமை, பெரியப்பா மகன் குடும்பத்தோடு திருச்சியிலிருந்து காரில் வந்தார். குன்னூரில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு ஊட்டிக்குக் கிளம்பினார்கள். வெறும் 19 கிலோமீட்டர். பூங்கா வாசலை அடைந்தபோது மணி 3. அப்புறம் வண்டி நிறுத்த இடம் தேடி ஒரு மணி நேரம். அண்ணியும் குழந்தைகளும் உள்ளே போய்விட்டார்கள். அண்ணன் மட்டும் காரிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். அவர் இன்றுவரை அந்தப் பூங்காவைப் பார்க்கவில்லை.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. அரசுப் பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. பாஸும் வேண்டாம், சோதனைச் சாவடி வரிசையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முதலில்: எப்படி ஏறுவது, எப்படி இறங்குவது

ஊட்டிக்கு ரயிலில் போக வேண்டும் என்று ஆசைப்படாதவர் இல்லை. அதனால் எல்லோரும் மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் ஏறும் மலை ரயிலுக்கே முட்டிமோதுகிறார்கள். அங்கேதான் கணக்குத் தப்புகிறது.

மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7:10 வாக்கில் கிளம்பி, ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை வரும் ரயில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பிவிடும். நடுவில் இருப்பது இரண்டே மணி நேரம். அதற்குள் சாப்பிட்டு, பூங்கா வரை போய், மறுபடி நிலையத்துக்கு ஓடி வர வேண்டும். அம்மாவின் தோழி ஒருவருக்கு, விவரம் தெரியாத காலத்தில், போக வர இரண்டுக்கும் ஒரே நாளில் நானே ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அவர் பூங்காவின் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். பாவம், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாருக்கும் அப்படி டிக்கெட் எடுப்பதில்லை.

ஒரே நாளில் போய்த் திரும்புவதாக இருந்தால் ஏறும்போது பஸ், இறங்கும்போது ரயில். அதிகாலையில் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒன்பது, ஒன்பதரைக்கு ஊட்டியில் இருப்பீர்கள். கூட்டம் சேருவதற்கு முன் பூங்காவுக்குள் நுழைந்துவிடலாம். மதியம் வரை சுற்றிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, 2 மணி ரயிலில் உட்கார்ந்தால் மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம். இறங்க மூன்றரை மணி நேரம்தான், ஏறுவதைவிட ஒன்றரை மணி நேரம் குறைவு. பாலங்கள், குகைகள், பள்ளத்தாக்கு எல்லாம் அதே பாதையில்தான், எதையும் இழக்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். நீராவி எஞ்சின் மலையில் திணறித் திணறி ஏறும் சத்தம் ஏறும்போது மட்டும்தான் கேட்கும். ரயிலுக்காகவே வருகிறவர் என்றால் ஏறும் ரயிலையே எடுங்கள், ஆனால் ஊட்டியில் ஒரு ராத்திரி தங்குங்கள். பூங்காவை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்

முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் தேடும்போது 'ஊட்டி' என்று தேடிக் குழம்பாதீர்கள். நிலையத்தின் பெயர் உதகமண்டலம், குறியீடு யு.ஏ.எம். மேட்டுப்பாளையத்துக்கு எம்.டி.பி. (MTP), குன்னூருக்கு ஓ.என்.ஆர். இந்த மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

மலை ரயிலில் பெட்டிகள் நான்கைந்துதான். ஏப்ரல், மே மாதங்களிலும் பூஜை விடுமுறை, தீபாவளி, பொங்கல் சமயங்களிலும் திறந்த அன்றே இடம் போய்விடும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் மலை ரயில் டிக்கெட் கிடைக்கிற தேதியைப் பாருங்கள். அது கிடைத்த பிறகு சென்னை டிக்கெட். எல்லோரும் தலைகீழாகச் செய்து சிக்கிக்கொள்கிறார்கள். வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி வர வேண்டாம். ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட் உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும், அதைக் காட்டி வண்டியில் ஏற முடியாது.

முழுத் தூரத்துக்குக் கிடைக்கவில்லையா? ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும் ஓடும் ரயில்கள் தினமும் சில உண்டு. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை ரயிலில் வந்து, நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் இதையே முதலில் சொல்கிறேன். மூன்றரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார அவர்களால் முடியாது.

மேட்டுப்பாளையம் வரை

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ். சென்ட்ரலில் இரவு 9 மணி வாக்கில் கிளம்பி, காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். இரவு தூங்கி எழுந்தால் மலை அடிவாரம். இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இல்லை. இதில் இடம் கிடைக்காவிட்டால் கோவைக்கு வரும் ஏதாவது ஒரு இரவு ரயிலில் வந்துவிடுங்கள். கோவை ஜங்ஷனிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மெமு ரயில் பகலில் பலமுறை ஓடுகிறது. முக்கால் மணி நேரப் பயணம்.

மற்ற ஊர்க்காரர்கள் பஸ்ஸில் கோவைக்கு வரும்போது குழப்பம் ஒன்று உண்டு. கோவையில் ஒரே பஸ் ஸ்டாண்ட் இல்லை. மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கத்து வண்டிகள் சிங்காநல்லூரில் நிற்கும். சேலம், ஈரோடு, திருப்பூர் பக்கத்து வண்டிகள் காந்திபுரத்துக்கு வரும். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். நீலகிரிக்குப் போகும் வண்டிகள் கிளம்புவது மேட்டுப்பாளையம் சாலையில், சாய்பாபா காலனிப் பக்கம் இருக்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து. எங்கே இறங்கினாலும் காந்திபுரம் வரை டவுன் பஸ் கிடைக்கும். அங்கிருந்து 'மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்ட்' என்று கேட்டு ஏறுங்கள். பெரிய பைகளோடு மூன்று நான்கு பேராக வந்தால் இந்த ஒரு இடத்தில் மட்டும் ஆட்டோ பிடிப்பது தப்பில்லை. கோவையிலிருந்து நேராக ஊட்டிக்குப் பஸ் மூன்று, மூன்றரை மணி நேரம் எடுக்கும்.

கர்நாடகம், வயநாடு பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கூடலூர் வழியாக ஊட்டிக்குப் பஸ் இருக்கிறது. மைசூரிலிருந்து வரும் பாதை பந்திப்பூர் காட்டுக்குள் போவதால் இரவு 9 மணி முதல் காலை 6 வரை போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு. பகலில் வரும்படி திட்டமிடுங்கள்.

பையில் என்ன வைப்பது

மலை ரயிலில் சாமான் வைக்க இடம் மிகக் குறைவு. ஆளுக்கு ஒரு தோள்பை போதும். பெரிய சூட்கேஸ் எடுத்து வந்தால் அதை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களும் அதில் அடக்கம். கல்லாறிலும் பர்லியாறிலும் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள், இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. மலையில் பல இடங்களில் நாணயம் போட்டுத் தண்ணீர் பிடிக்கும் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். சில ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். இந்தத் தடையை ஒரு தொந்தரவாக நினைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கீழே சமவெளியில் ஓடும் பவானிக்குத் தண்ணீர் இந்த ஓடைகளிலிருந்துதான் இறங்குகிறது. இங்குள்ள காட்டெருமையும் மானும் பிளாஸ்டிக்கைத் தின்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

ஒரு சுவெட்டர். மே மாதமானாலும் எடுத்து வாருங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். காலையில் வியர்க்க வியர்க்கப் பஸ் ஏறுகிறவர் இரண்டரை மணி நேரத்தில் நடுங்கிக்கொண்டு இறங்குவது தினமும் நடப்பது. ஒரு குடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செருப்பைவிட ஷூ நல்லது, பூங்காவின் புல்சரிவுகள் ஈரத்தில் வழுக்கும்.

பஸ்ஸில் ஏறுவது

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடலாம். நீலகிரி எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும் பாதிப் பேர் மலை ரயில் பிளாட்பாரத்துக்கு ஓடுவார்கள், மீதிப் பேர் பஸ்ஸுக்கு. நீங்கள் இரண்டாவது கூட்டத்தோடு போக வேண்டும். ஸ்டாண்டில் "ஊட்டி, ஊட்டி" என்று கூவும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஏறும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "குன்னூர் வழியா, கோத்தகிரி வழியா?" குன்னூர் வழி குறைவான தூரம், ஐம்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். கோத்தகிரி வழி அழகானதுதான், ஆனால் சுற்று. இன்றைய திட்டத்துக்குக் குன்னூர் வழியே சரி. கோடை சீசனில் ஒருவழிப் பாதை ஆக்கும்போதும் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் விடுவதுதான் வழக்கம்.

வாந்தி வரும் உடம்பு என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பலருடைய ஊட்டிப் பயணம் இங்கேதான் கெடுகிறது. கல்லாறு தாண்டியதும் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். பின் சக்கரத்துக்குப் பின்னால் உட்காராதீர்கள். டிரைவருக்குப் பின்னால் முதல் நான்கு வரிசைக்குள், ஜன்னலோரம். முன்னால் போகும் சாலையைப் பாருங்கள், செல்போனைப் பார்க்க வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் நாலு இட்லி, வடை, பூரி என்று ஒரு கை பார்த்துவிட்டு ஏறாதீர்கள். வெறும் வயிறும் கூடாது. இரண்டு இட்லி, அதுவும் கிளம்புவதற்கு அரை மணி முன்பு. என் பாட்டி முந்தானையில் ஒரு எலுமிச்சம்பழம் முடிந்துகொண்டுதான் பஸ் ஏறுவார், குமட்டும்போது அதைக் கீறி முகர்வார். நானும் அதைத்தான் சொல்கிறேன். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். வளைவுகள் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் காடு நெருங்கிவரும். பர்லியாறில் பழக்கடைகள் வரிசையாக இருக்கும். பருவத்தில் வந்தால் மங்குஸ்தானும் துரியனும் பலாவும் குவிந்து கிடக்கும். அந்தப் பலாவுக்காக யானைகளும் இறங்கிவரும். சாலையோரம் யானை நின்றால் டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். அவருக்கு எப்போது எடுக்க வேண்டும் என்று தெரியும். கத்தாதீர்கள், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். இந்த வளைவுகளில் நாள் முழுக்க வண்டி ஓட்டும் டிரைவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரு பெரிய பஸ்ஸை அந்த ஊசிமுனையில் ஒரே வெட்டில் திருப்புவதை முன் சீட்டிலிருந்து பாருங்கள்.

குன்னூரில் பஸ் கொஞ்சம் நிற்கும். இறங்கி ஒரு டீ குடிக்கலாம், ஆனால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அங்கிருந்து அருவங்காடு, கேத்தி வழியாக ஊட்டி. ஒரு மணி நேரம்.

மலைப் பகுதிகளில் ஓடும் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2024 இல் வந்தது. எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஏறும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசி இரண்டரை கிலோமீட்டர்

ஊட்டியில் பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இது பெரிய வசதி. மதியம் திரும்பி வர வேண்டிய இடத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துவிடலாம். அங்கிருந்து பூங்கா ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர்.

முடிந்தால் நடங்கள். முக்கால் மணி நேரம் வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் போய்விடலாம். பழைய ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றி மார்க்கெட் பக்கம் வந்து, கமர்சியல் சாலையைப் பிடியுங்கள். அது கடைவீதி. காலையில் வர்க்கி சுடும் வாசனை வரும் பேக்கரிகள் உண்டு. வர்க்கியைச் சூடாக வாங்கி அப்போதே ஒன்று தின்று பாருங்கள், ஊருக்கு எடுத்துப் போகும் பொட்டலத்தில் அந்த மொறுமொறுப்பு இருக்காது. சாலை முடியும் இடம் சேரிங் கிராஸ். நடுவில் ஆடம் நீரூற்று நிற்கும், அதுதான் அடையாளம். அங்கிருந்து பூங்காச் சாலையில் திரும்பினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். லேசான ஏற்றம்தான். ஆனாலும் மூச்சு வாங்கும், இந்த உயரத்தில் அது சாதாரணம். நின்று நின்று போங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு: பஸ் ஸ்டாண்டிலேயே "கார்டன் பக்கம் போகுமா?" என்று கேட்டு டவுன் பஸ்ஸிலோ மினி பஸ்ஸிலோ ஏறலாம். குறைந்தபட்சம் சேரிங் கிராஸ் வரை போகும் வண்டி அடிக்கடி கிடைக்கும். குன்னூரிலிருந்து வரும்போதே "இந்த வண்டி சேரிங் கிராஸ் வழியா போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். போகும் என்றால் அங்கேயே இறங்கிவிட்டால் பாதி நடை மிச்சம். ஆட்டோ என்றால் ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். சீசனில் அரசுப் போக்குவரத்துக் கழகம் சுற்றுலா இடங்களுக்கு ஒரே டிக்கெட்டில் ஏறி இறங்கும்படி சுற்றுப் பேருந்து விடுகிறது. இரண்டு நாள் தங்குகிறவர்களுக்குத் தொட்டபெட்டா, படகு இல்லம், ரோஜாப் பூங்கா எல்லாவற்றுக்கும் அது போதும். ஒரு நாள் வந்து திரும்புகிறவர்கள் அதில் ஏறி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க நினைக்காதீர்கள். பூங்கா ஒன்றுக்கே அரை நாள் வேண்டும்.

பூங்காவுக்குள்

பூங்கா காலை 7 மணிக்கே திறந்துவிடும். பத்து மணிக்குள் போய்விட்டால் புல்லில் பனித்துளி காய்ந்திருக்காது, பள்ளிக்கூடப் பஸ்களும் வந்திருக்காது. மொத்தம் 55 ஏக்கர், தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவு. 1848 இல் இதை உருவாக்கும் வேலையை ஏற்றவர் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர். சதுப்பும் காடுமாகக் கிடந்த சரிவை அடுக்கடுக்காகத் திருத்தி அவர் இந்த வடிவத்துக்குக் கொண்டுவரப் பல வருடங்கள் ஆயின. இப்போது தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை பார்த்துக்கொள்கிறது. மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில்தான் கூட்டம் உச்சம். பூக்களைப் பார்க்க அது நல்ல நேரம், மரங்களைப் பார்க்க அல்ல.

பெரும்பாலோர் நுழைந்தவுடன் இருக்கும் பெரிய புல்வெளியில் உட்கார்ந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கண்ணாடி மாளிகை, இத்தாலியப் பூங்கா என்று அழைக்கப்படும் பாத்திகள், இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கல்மரத் துண்டு, இவை கீழ்ப் பகுதியிலேயே இருக்கின்றன. கல்மரத்தைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். பட்டையும் வளையமும் தெரியும் மரம், தட்டினால் கல்.

பிறகு மேலே ஏறுங்கள். வளைந்து வளைந்து போகும் பாதையில் ஏற ஏறக் கூட்டம் குறைந்துகொண்டே வரும், நூறு வருடம் தாண்டிய மரங்கள் தனியாக நிற்கும். ஒவ்வொன்றிலும் பெயர்ப் பலகை இருக்கும், எந்த நாட்டு மரம் என்று வாசியுங்கள். பூங்காவின் மேல் எல்லையில் தோடர் மந்து ஒன்று இருக்கிறது. மந்து என்றால் தோடர்களின் ஊர். பூங்காவுக்கும் ஊட்டிக்கும் முன்பிருந்தே இந்த மலை அவர்களுடையது. அது மனிதர்கள் குடியிருக்கும் இடம், கோயிலும் அவர்களுக்கு உண்டு. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, கோயில் பக்கம் போகக் கூடாது. சிவப்பும் கறுப்பும் நூலில் அவர்கள் பின்னும் பூவேலைக்கு 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவதானால் அவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

முதியவர்களோடு வந்தால் மேல் பகுதி வேண்டாம். கீழ்ப் புல்வெளியும் கண்ணாடி மாளிகையும் அவர்களுக்குப் போதும். ஒருவர் துணைக்கு இருக்க, மற்றவர்கள் மேலே போய் வரலாம்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பூங்காவை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். இதில் மட்டும் கறாராக இருங்கள். சீசன் நாட்களில் பன்னிரண்டரைக்கே கிளம்புங்கள். திரும்பும்போது இறக்கம் என்பதால் நடை வேகமாக இருக்கும். நெரிசலில் ஆட்டோவைவிட நடையே முந்தும். கமர்சியல் சாலையில் மதியச் சாப்பாடு, ஒன்றரைக்கு நிலையத்தில்.

இறங்கும் ரயில்

ஊட்டியிலிருந்து குன்னூர் வரை டீசல் எஞ்சின். பெர்ன்ஹில், லவ்டேல் தாண்டி கேத்தி வரும்போது பள்ளத்தாக்கு விரியும். கேரட், முட்டைக்கோஸ் பாத்திகளும் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களின் வரிசை வீடுகளும் தெரியும். வெலிங்டனைத் தாண்டிக் குன்னூரில் எஞ்சின் மாற்றுவார்கள், வண்டி கொஞ்ச நேரம் நிற்கும்.

குன்னூரிலிருந்து கல்லாறு வரைதான் இந்த ரயிலின் உயிர். தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடும், எஞ்சினின் பல்சக்கரம் அதில் பிடித்துக்கொள்ளும். 12 அடி போனால் ஒரு அடி இறங்கும் செங்குத்து, பிடி இல்லாமல் முடியாது. ஏறும்போது பின்னாலிருந்து தள்ளுகிற அதே நீராவி எஞ்சின், இறங்கும்போது முன்னால் நின்று முழு வண்டியையும் தாங்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஒரு ஆள் நிற்பார். 46 கிலோமீட்டரில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். குன்னூர் வரை 1899 இலும் ஊட்டிவரை 1908 இலும் வந்த பாதை இது. யுனெஸ்கோ 2005 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஹில்குரோவில் நிற்கும்போது டீயும் வடையும் கிடைக்கும். குரங்குகள் கையிலிருந்தே பிடுங்கும், உள்ளே வந்து சாப்பிடுங்கள். அவற்றுக்கு எதையும் போட வேண்டாம்.

மழைக்காலம் பற்றி ஒரு எச்சரிக்கை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில்தான் கொட்டும். மண்சரிந்து, பாறை விழுந்து, மேட்டுப்பாளையம் – குன்னூர் ரயில் நாள்கணக்கில் நிற்பது வழக்கம். அந்த மாதங்களில் வருகிறவர்கள் முந்தைய நாளும் அன்று காலையும் செய்தியைப் பார்த்துவிடுங்கள். ரயில் ரத்தானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், ஊட்டியிலிருந்து பஸ்ஸில் இறங்கிவிடலாம். அப்படியானால் பூங்காவில் இன்னும் இரண்டு மணி நேரம் உங்களுக்குக் கூடுதல். ஆனால் மாலை 4 மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். மூடுபனி இறங்கினால் வண்டிகள் ஊர்ந்துதான் வரும்.

மேட்டுப்பாளையத்தில் மாலை

ஐந்தரைக்கு இறங்கினால் கோவைக்காரர்களுக்கு உடனே பஸ் இருக்கும். சென்னை நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணியைத் தாண்டித்தான். இடையில் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. கொஞ்சம் தெம்பு மிச்சமிருந்தால் பவானிக் கரையிலிருக்கும் வன பத்ரகாளியம்மன் கோயிலுக்கு ஆட்டோவில் போய் வரலாம். இல்லையென்றால் நிலையத்தின் காத்திருப்பு அறையில் முகம் கழுவிக் காலை நீட்டுங்கள், ஏழரைக்கு மேல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டரைக்குள் திரும்புங்கள். சுவெட்டரை மட்டும் பையின் அடியில் திணித்துவிட வேண்டாம், ஏ.சி. பெட்டியில் படுக்கிறவர்களுக்கு ராத்திரி அது மறுபடி வேண்டியிருக்கும்.